பரிசுக்குப் பின்

போட்டி மேடையிலே ஒரு குழந்தை பாடி முடிக்க, நடுவர்கள் முதற்பரிசை அறிவிக்கும் காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டு களிக்காத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. கைதட்டல் ஓசை அரங்கை அதிர வைக்கிறது. வண்ணத் தாள்கள் மழையெனப் பொழிகின்றன. பெற்றோர் கண்ணீர் மல்க மேடைக்கு ஓடி வருகின்றனர். அத்துடன் நிகழ்ச்சி நிறைவெய்த, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தத்தம் கருமங்களைக் கவனிக்கச் சென்றுவிடுகின்றனர். ஆயினும், பரிசு பெற்ற குழந்தையின் வீட்டிலே மறுநாளும் பொழுது விடியத்தான் செய்கிறது. அடுத்த மாதமும், அடுத்த ஆண்டும் வரத்தான் செய்கின்றன. அப்பொழுது அக்குழந்தையை எவ்வழியில் நடத்துவது என்பதே பெற்றோரை எதிர்நோக்கும் வினா. பரிசு பெறும் வழியைச் சொல்லிக் கொடுப்பார் பலர் இருக்கின்றனர். பரிசு பெற்ற பின் என்ன செய்வது என்று சொல்வார் சிலரே.

இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் ஆராய்ந்து பார்க்கத்தக்க வாழ்வொன்று உண்டு. அது பின்னணிப் பாடகி ஷ்ரேயா கோஷலின் வாழ்வு. அவரது குரலை அறியாத நேயர் இலர் எனலாம். ஆனால், அக்குரல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியிற் பரிசு பெற்ற சிறுமியின் குரலாகவே முதன்முதல் உலகுக்கு அறிமுகமாயிற்று என்பதையும், அப்பரிசுக்கும் புகழுக்கும் இடையே சில ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன என்பதையும் பலர் அறியார்.

போட்டியின் வாயிலாகப் பாடகர் தோன்றுவது தொலைக்காட்சி கண்டுபிடித்த புதுமையன்று. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு நடைபெற்ற மர்பி அகில இந்தியப் பாட்டுப் போட்டியில் வெற்றி பெற்றவர் மகேந்திர கபூர். அதன் பின்னரே இந்தித் திரையுலகில் அவருக்கு நிலையானதோர் இடம் கிட்டிற்று. நம் அன்புக்குரிய எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்களும் 1964இல் சென்னையிலே தெலுங்குக் கலாசார அமைப்பொன்று நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்றவரே. அங்கே நடுவராக இருந்த இசையமைப்பாளர் எஸ். பி. கோதண்டபாணி அவரை இனங்கண்டு கொண்டார். அவர் பாடிய முதற் திரைப்படம் வெளிவந்ததோ 1966இல். ஆகவே, வாயில் பழையது. தொலைக்காட்சி செய்ததெல்லாம் அந்த வாயிலுக்கு முன்னே கோடிக் கணக்கான மக்களைக் கூட்டி வைத்ததே.

ஷ்ரேயா 1984ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆந் திகதி மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்திலுள்ள பெர்காம்பூரிற் பிறந்தார். வளர்ந்ததோ, இராஜஸ்தான் மாநிலத்திலே கோட்டா நகருக்கு அண்மையிலுள்ள ராவத்பாட்டா என்னும் சிற்றூரில். அங்கே அணுமின் நிலையம் உண்டு. தந்தையார் இந்திய அணுமின் கழகத்திற் பணியாற்றிய பொறியியலாளர். பணியாளர் குடியிருப்பும் பாடசாலையுமே அச்சிறுமியின் உலகம். திரையுலகுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. தாயார் இலக்கியம் பயின்றவர், இசையில் ஈடுபாடுடையவர். மகள் நான்கு வயதிற் பாடத் தொடங்கிய போது தம்பூராவை மீட்டி அருகில் அமர்ந்தவர் அவரே. முதலிற் கற்பித்தவை வங்க மொழிப் பாடல்கள். ஆறாம் வயதிலே இந்துஸ்தானி இசையை முறையாகக் கற்கும் பொருட்டுச் சிறுமி கோட்டா நகரத்து ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பப்பட்டார். போட்டி மேடையில் ஏறுவதற்கு முன்னரே பல ஆண்டுக் காலப் பயிற்சி அவருக்கு வாய்த்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஜீ தொலைக்காட்சியில் 'ச ரி க ம' என்னும் பாட்டுப் போட்டி 1995ஆம் ஆண்டு ஆரம்பமாயிற்று. பிற்காலத்திற் பெரும் புகழ் பெற்ற சோனு நிகம் அதனைத் தொகுத்து வழங்கினார். நேயர்கள் தொலைபேசி வழியாக வாக்களித்து வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் வழக்கம் அன்று அங்கே இருக்கவில்லை. சாஸ்திரிய இசை வல்லாரும் திரையிசை அமைப்பாளரும் நடுவர் ஆசனத்தில் அமர்ந்து, சுருதியையும் தாளத்தையும் பாவத்தையும் சீர்தூக்கிப் புள்ளி வழங்கினர். அப்போட்டியின் சிறுவர் சிறப்பு நிகழ்ச்சியில் ஷ்ரேயா பாடி முதலிடம் பெற்றார்.

அன்று நடுவராக அமர்ந்திருந்தவர், கல்யாண்ஜி - ஆனந்த்ஜி என்னும் இசையமைப்பாளர் இரட்டையருள் மூத்தவரான கல்யாண்ஜி. சிறுமியின் குரல் அவரது மனத்தைக் கவர்ந்தது. ஆயினும் அவர், 'நாளையே ஒலிப்பதிவுக்கு வா' என்று அழைத்தாரில்லை. பெற்றோரை அணுகி, குழந்தையை மும்பைக்கு அழைத்து வந்து மேலும் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பரிசைக் கொடுத்த கையே பாடப் புத்தகத்தையும் கொடுத்தது எனலாம்.

பெற்றோர் அச்சொல்லைச் செவிமடுத்தனர். 1997இல் தந்தையாருக்கு மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. குடும்பம் அணுசக்தி நகர் என்னும் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழப் பதினெட்டு மாதங்கள் கல்யாண்ஜியிடம் ஷ்ரேயா பயின்றார். முக்தா பிடே என்னும் ஆசிரியையிடம் சாஸ்திரிய சங்கீதப் பயிற்சியையும் தொடர்ந்தார். 1998இல் வங்க மொழிப் பாடல்கள் கொண்ட இசைத் தொகுப்பொன்று அவர் குரலில் வெளியாயிற்று. அது தவிர, பெரும் ஆரவாரம் எதுவும் இல்லை. நாடறிந்த தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சிறுமி, மற்றைய சிறுமியரைப் போலப் பாடசாலைக்குச் சென்றார்; மாலையில் ஸ்வர வரிசைகளைச் சாதகம் செய்தார். இந்த மறைவான ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று அன்று சிலர் எண்ணியிருக்கவும் கூடும். ஆனால், இவ்வரலாற்றின் உயிர் நிலை இந்த ஆண்டுகளிலேதான் இருக்கிறது.

பின்னர் ஒருமுறை, வளர்ந்தோருக்கான போட்டியிலும் ஷ்ரேயா அதே மேடையிற் பாடினார். அந்நிகழ்ச்சியைத் தமது இல்லத்திலே கண்டுகொண்டிருந்தார் ஓர் அம்மையார். பாட்டைக் கேட்டதும், தம் மகனை அழைத்து, இப்பெண் பாடுவதைப் பார் என்று காட்டினார். அந்த மகன் திரைப்பட இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலி. அப்போது அவர் சரத் சந்திரரின் 'தேவதாஸ்' நாவலை இந்தியிற் படமாக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்த 1953ஆம் ஆண்டுத் 'தேவதாஸ்' தமிழ் மக்கள் நெஞ்சை விட்டு அகலாத படம் அல்லவா? அதே கதையின் நாயகியான பார்வதி, அதாவது பாரோ, கள்ளங் கபடம் அறியாத கிராமத்துப் பெண். அப்பாத்திரத்துக்கு ஐஸ்வர்யா ராய் நடிக்க இருந்தார். அவருக்குப் பொருந்துவதாய், வெகுளித் தன்மை மாறாத குரல் ஒன்றைப் பன்சாலி தேடிக்கொண்டிருந்தார். அக்குரல் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஒலித்தது.

2000ஆம் ஆண்டிலே, பதினாறு வயது மாணவியாக, ஷ்ரேயா ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். பதிவான முதற் பாடல் 'பைரி பியா'. உடன் பாடியவர் அனுபவம் முதிர்ந்த உதித் நாராயண். இசை இஸ்மாயில் தர்பார். ஒத்திகையாக ஒருமுறை பாடிப் பார்க்கும்படி அவரிடம் கூறினர். அவர் கண்களை மூடிக்கொண்டு, தடையின்றிப் பாடி முடித்தார். கண் திறந்து பார்த்த போது, பாட்டுப் பதிவாகிவிட்டது என்று இயக்குநர் மகிழ்ச்சி பொங்கக் கூறினாராம். உயர்தர வகுப்புப் பரீட்சை நெருங்கிய காலம் அது. ஆதலால், புத்தகங்களையும் கூடத்துக்கு எடுத்துச் சென்று, ஓய்வு நேரங்களிற் படித்தார் அம்மாணவி.

'தேவதாஸ்' 2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. அதில் ஷ்ரேயா பாடியவை ஐந்து பாடல்கள். 'பைரி பியா' பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 'டோலா ரே' பாடலுக்காகக் கவிதா கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து பிலிம்பேர் விருதும் பெற்றார். தம் மாணவி பெற்ற இப்பேறுகளைக் காணக் கல்யாண்ஜி உயிரோடிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலமாகிவிட்டார்.

முதற் படத்திலேயே தேசிய விருது பெற்றாருக்கும் ஓர் இடர் உண்டு. எந்தக் குரலுக்காகப் புகழப்பட்டாரோ, அந்தக் குரலையே திரும்பத் திரும்பக் கேட்பர். கிராமத்துப் பேதைப் பெண்ணின் குரல் வேண்டுமானால் இவரை அழையுங்கள் என்று ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுவர். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜிஸ்ம்' என்னும் படத்திலே, எம். எம். கீரவாணியின் இசையில், மயக்கமும் தாபமும் பொருந்திய பாடலொன்றை ஷ்ரேயா பாடினார். பாரோவின் குரல்தான் இதுவோ என்று கேட்டார் வியந்தனர். அப்பாடலும் பிலிம்பேர் விருது பெற்றது. குரலை வளைக்கவும், நிறம் மாற்றவும், மூச்சை அடக்கி ஆளவும் தெரிந்தவருக்கே இஃது இயலும். பதினெட்டு மாதக் குருகுலமும் பல்லாண்டுச் சாதகமும் கொடுத்த மூலதனம் அது.

இனி, தமிழ் மொழிக்கு வருவோம். 2002இல் வெளிவந்த 'ஆல்பம்' படத்தில், கார்த்திக் ராஜாவின் இசையில், ஷ்ரேயா தமிழில் முதன்முதலாகப் பாடினார். 2006இல் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'சில்லுனு ஒரு காதல்' படத்தின் 'முன்பே வா', ஜீ. வி. பிரகாஷ்குமாரின் முதற் படமான 'வெயில்' தந்த 'உருகுதே மருகுதே' ஆகிய இரு பாடல்களும் அவரைத் தமிழ் இல்லங்கள் தோறும் கொண்டு சேர்த்தன. இலங்கையின் வானொலி நேயர்கள் கேட்டுக் கேட்டுச் சலிக்காத பாடல்கள் இவை. பாடியவரின் தாய்மொழி வங்காளம் என்பதை எண்ணிப் பார்க்கும் பொழுதே அவரது உழைப்பின் அளவு விளங்கும்.

அவ்வுழைப்பின் முறையை அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். எந்த மொழிப் பாடலாயினும், அதன் சொற்களை இந்தி எழுத்துகளில் தம் கைப்படவே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். சொல்லின் பொருளையும், அது வரும் சந்தர்ப்பத்தையும் கேட்டறிவார். இந்தி எழுத்தில் அடங்காத ஒலிகளுக்குத் தாமே அடையாளங்கள் இட்டுக்கொள்வார். ழகரத்தையும் றகரத்தையும் பிறமொழியாளர் சிதைப்பது கேட்டு நொந்த செவிகளுக்கு, இக்கவனத்தின் அருமை தெரியும். தமிழரிலேயே சிலர் தமிழ்ச் சொல்லைப் பொருளறியாது பாடி மெல்லினத்தையும் வல்லினத்தையும் மயக்கும் காலத்திலே, இஃது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

அவர் பெற்ற தேசிய விருதுகளின் வரிசையே இவ்வுழைப்புக்குச் சான்று. 2002இல் 'தேவதாஸ்', 2005இல் 'பஹேலி', 2007இல் 'ஜப் வி மெட்' ஆகிய மூன்றும் இந்திப் படங்கள். 2008ஆம் ஆண்டுக்குரிய விருது ஒரு வங்கப் பாடலுக்கும் ஒரு மராட்டியப் பாடலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுக்குரிய விருதை அவருக்கு ஈட்டித் தந்ததோ தமிழ். பார்த்திபன் இயக்கிய 'இரவின் நிழல்' படத்துக்காக ரஹ்மான் இசையில் அவர் பாடிய 'மாயவா தூயவா' என்னும் பாடலுக்காக அவ்விருது 2023இல் அளிக்கப்பட்டது. முதல் விருதுக்கும் ஐந்தாம் விருதுக்கும் இடையே இரு தலைமுறைப் பாடகர்கள் வந்து போயினர். போட்டியில் வென்ற சிறுமியை மக்கள் மறந்தனர், பாடகியை மறக்கவில்லை.

இதற்கு மாறான வழியும் ஒன்று உண்டு. 'இந்தியன் ஐடல்' போட்டி 2004இல் ஆரம்பமான போது, வெற்றியை முடிவு செய்யும் உரிமை நேயர்களின் கைத்தொலைபேசிக்குச் சென்றது. அதன் முதல் வெற்றியாளர் அபிஜீத் சாவந்த். வெற்றி பெற்ற அதே ஆண்டிலே அவரது இசைத்தொகுப்பு விரைந்து வெளியிடப்பட்டது; அமோகமாக விற்பனையும் ஆயிற்று. அவர் நல்ல பாடகர், குறை அவருடையதன்று. ஆனால், அடுத்த ஆண்டு அடுத்த போட்டி வந்தது. அடுத்த வெற்றியாளர் வந்தார். வாக்களித்த கைகள் வேறு பெயரை எழுதத் தொடங்கின. திரைப்படப் பின்னணியில் அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள், வெற்றி நாளின் ஆரவாரத்தை நோக்கச் சிலவே. வாணிக நிறுவனம் பழம் கனிந்த உடனே சந்தைக்கு அனுப்பவே விரும்பும். மரம் வேரூன்றும் வரை காத்திருக்க அதற்கு நேரமில்லை.

வெற்றி பெறாதவரின் கதையும் இங்கே நோக்கத்தக்கது. ஷ்ரேயா பிறந்த அதே முர்ஷிதாபாத் மாவட்டத்து ஜியாகஞ்ச் என்னும் ஊரைச் சேர்ந்தவர் அரிஜித் சிங். 2005இல் நடைபெற்ற 'பேம் குருகுல்' என்னும் போட்டியில் அவர் இறுதிச் சுற்றை எட்டாமலே வெளியேற்றப்பட்டார். பின்னர் இசையமைப்பாளர்களுக்கு உதவியாளராக ஒலிப்பதிவுக் கூடங்களிலே தொழில் பயின்றார். எட்டு ஆண்டுகளின் பின், 2013இல் வெளிவந்த 'ஆஷிகி 2' படப் பாடல் அவரை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. ஒருவர் வென்றவர்; மற்றவர் தோற்றவர். இருவரும் போட்டி முடிந்த பின் மாணவராகவே இருந்தனர். இந்த ஒற்றுமையே போட்டி முடிவைக் காட்டிலும் பெரிது.

சிறுவர் பாடும் பாடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். 2012இல் வெளிவந்த 'அக்னிபத்' படத்திலே ஷ்ரேயா பாடிய துள்ளிசைப் பாடலொன்று பெரும் பிரபலம் அடைந்தது. ஐந்து ஆறு வயதுச் சிறுமியர் பொருளறியாமல் அதனைத் தம் முன்னே பாட முன்வரும் போது, தமக்குச் சங்கடமாக இருக்கிறது என்று 2025ஆம் ஆண்டில் அவர் வெளிப்படையாகக் கூறினார். சிறுவர் போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்தவர் அவர். அவரது சொல்லுக்கு நிறை உண்டு. இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சும், நடனப் போட்டிகளிற் குழந்தைகளை வயதுக்கு ஒவ்வாத வகையிற் காட்டுவதைத் தவிர்க்குமாறு 2019ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி நிலையங்களுக்கு அறிவுரை விடுத்தது. குழந்தையின் வாயில் என்ன பாட்டை வைக்கிறோம் என்பதற்கு நிலையத்தார் மட்டுமன்றிப் பெற்றோரும் பொறுப்பாளிகளே.

இவையெல்லாம் எங்கோ மும்பையில் நடந்த செய்திகள், நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. ஷ்ரேயா வென்ற 'ச ரி க ம' போட்டியின் தமிழ்ப் பதிப்பிலே, சிறுவர் பிரிவில், 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதற்பரிசு பெற்றவள் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி. அதே தொடரில் மலையகத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தியும் பாடினாள். இலங்கைத் தமிழர் வாழும் இடமெல்லாம் அந்நாட்களில் உவகை வெள்ளம் பெருகியது. அவர்களைப் பார்த்துத் தம் பிள்ளைகளையும் மேடையேற்ற விரும்பும் பெற்றோர் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இன்று பலர். அவ்விருப்பம் தவறன்று. பணமும் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் திறமை ஒன்றையே கொண்டு கதவைத் தட்டும் வாய்ப்பு இதனாற் கிடைக்கிறது. அணுமின் நிலையக் குடியிருப்பிற் பாடிக்கொண்டிருந்த சிறுமியை அந்தக் கதவே நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது.

ஆயினும், மேடையேற்றும் பெற்றோர் சில காரியங்களை முன்கூட்டியே சிந்தித்து வைத்தல் நலம். பரிசு கிடைத்த பின் பிள்ளை யாரிடம் இசை பயில்வது? வாரந்தோறும் வரும் கச்சேரி அழைப்புகளில் எவற்றை ஏற்பது, எவற்றை மறுப்பது? பாடசாலைக் கல்வி எவ்வாறு தொடரும்? பருவ வயதிலே குரல் மாறும் போது, அதற்கு ஓய்வு கொடுக்க மனம் துணியுமா? பரிசு கிடையாது போனால், பிள்ளையின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? இவ்வினாக்களுக்கு விடை தொலைக்காட்சி நிலையத்தில் இல்லை, வீட்டிலேதான் உண்டு.

சமூகத்துக்கும் இதிற் பங்குண்டு. வென்று வந்த பிள்ளைக்கு மாலை சூட்டி ஊர்வலம் வைப்பதோடு நம் கடமை தீர்ந்தது என்று கருதுகிறோம். யாழ்ப்பாணத்திலே இராமநாதன் பெயரால் அமைந்த நுண்கலைப் பீடமும், மட்டக்களப்பிலே சுவாமி விபுலானந்தர் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. அவற்றிற் பயின்ற ஆசிரியர்கள் ஊர்கள் தோறும் இருக்கின்றனர். வரவேற்பு விழாவுக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பகுதியை அப்பிள்ளையின் இசைக் கல்விக்கென ஒதுக்கி வைப்பது ஊர்ச் சங்கங்களுக்கும் வெளிநாட்டில் வாழும் அன்பர்களுக்கும் அரிய காரியமன்று. ஓராண்டுக் காலமாவது மேடைக்கு இழுக்காமல், ஆசிரியரிடம் இருந்து கற்க விடுவதும் அப்பிள்ளைக்குச் செய்யும் பேருதவியே.

தமிழறிஞர் பரிசளிப்பு விழாக்களில் ஆள்வினையுடைமை பற்றி வள்ளுவர் வகுத்த அதிகாரத்தை எடுத்துரைப்பது வழக்கம். அவ்வதிகாரத்தைப் பரிசு வழங்கும் நாளில் மட்டுமன்றி, பரிசு வழங்கி ஆறு மாதம் சென்ற பின்பும் அப்பிள்ளையின் வீட்டில் ஒருமுறை நினைவூட்டலாம். அந்த நேரத்திலே விளக்குகள் அணைந்திருக்கும். தொலைபேசி அழைப்புகள் குறைந்திருக்கும். அப்பொழுதும் அதிகாலையில் எழுந்து சுருதிப் பெட்டியைத் திறந்து வைத்து அமரும் பிள்ளை எவரோ, அவர் குரலை இன்னும் பல ஆண்டுகள் நாம் வானொலியிற் கேட்போம் என்று நம்பலாம்.